பலாலிக்குப் பெரிய விமானம் வேண்டாம், இரண்டாவது விமானம் வேண்டும்

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் அறுநூறு, எழுநூறு என்று சொல்வார்கள். நடுவில் கடல் கிடக்கிறது, கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும். இத்தனை இருந்தால் தூரமும் கூடத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. உண்மையில் பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு வான்வழியே 400 கிலோமீற்றர். மதுரைக்கு அதைவிடச் சற்றுக் கூட. சென்னைவாசி ஒருவருக்கு மதுரையை விட யாழ்ப்பாணம் கிட்ட. பலாலியும் மதுரை விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருப்பவை என்பதையும் படத்தை விரித்துப் பார்த்தால் காணலாம்.

யாழ். நகரில் விமான ரிக்கெற் போட்டுக்கொடுக்கும் சிறிய அலுவலகம் என்னுடையது. மேசைக்கு முன்னால் வந்து உட்காருபவர்களில் பாதிப்பேர் விலையைக் கேட்பதற்கு முதல் கேட்பது, "எத்தனை மணித்தியாலம் தம்பி?" என்பதைத்தான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ஆனாலும் இந்தத் தொழிலில் இருக்கும்வரை நான் தம்பிதான். கேள்வி சின்னது. நேர்மையாகப் பதில் சொல்லப் போனால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

இணையத்தில் இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் உடனே காட்டும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. பலாலி - சென்னைக்கு முக்கால் மணித்தியாலம், ஐம்பது நிமிடம் என்று கூசாமல் சொல்லும். தூரத்தை ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தால் பிரித்து, ஏறி இறங்க ஏதோ கொஞ்ச நிமிடங்களைக் கூட்டி அவை அந்த எண்ணைத் தருகின்றன. இந்த வழியில் பறப்பது ஜெட் அல்ல, இரண்டு சுழலிகள் உள்ள ஏ.ரி.ஆர். 72. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். விமான நிறுவனம் ரிக்கெற்றில் அச்சிடும் நேரமோ வேறு கணக்கு. விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் கணம்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னை வானத்தில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் என்று போடுவார்கள். நான் வாடிக்கையாளருக்குச் சொல்வதும் அதைத்தான். ஆனால் அதுவும் பயணநேரம் இல்லை.

ஒரு வேடிக்கை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோது, அந்த டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை விமான நிலையம் என்று அப்போது சொல்லப்பட்ட நம் பலாலியில் இறங்கி, பிறகு மெட்ராஸ் போனது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. டக்கோட்டா மணிக்கு 300 கிலோமீற்றரை ஒட்டிப் பறக்கும். 355 கிலோமீற்றரை அந்த வேகத்தில் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. வானத்தில் நாம் மிச்சம் பிடித்தது சில நிமிடங்கள்தான்.

நேரம் கூடியதும் குறைந்ததும் எல்லாம் தரையில். போர் தொடங்கிப் பலாலியில் பயணிகளுக்கான வெளிநாட்டுச் சேவை இல்லாமற் போன பிறகு, யாழ்ப்பாணத்தார் சென்னைக்குப் போன வழி கட்டுநாயக்க வழி. பாதை திறந்திருந்த காலங்களில் இரவு வானில் ஏறினால் வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று இறங்கி விடியப்புறம் விமான நிலைய வாசலில் நிற்கலாம். எட்டு மணித்தியாலம். பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்கவேண்டும். பிறகு ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் படத்தில் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேலாகத்தான் போகும். இரவு முழுக்க இடுப்பொடியத் தெற்கே போய், காலையில் விமானம் ஏறி, தன் வீட்டுக் கூரைக்கு மேலாகவே வடக்கே திரும்பிப் பறந்த சனம் நாங்கள். ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது கொழும்புக்குப் போவதற்கே கப்பலுக்கோ விமானத்துக்கோ அனுமதி எடுத்துக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பயணநேரத்தை மணித்தியாலத்தில் சொல்லமுடியாது.

இதற்கிடையில் கடிகாரமும் விளையாடியது. 1996இல் இலங்கை தன் நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி கொழும்புக்கும் சென்னைக்கும் அரை மணித்தியால வித்தியாசம் இருந்தது. போகும்போது ரிக்கெற்றில் பயணம் ஒரு மணித்தியாலம் போலத் தெரியும், வரும்போது இரண்டு போலத் தெரியும். "வரேக்க ஏன் மெதுவா வருது?" என்று கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்லியே தொண்டை வறண்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரம், அந்தத் தொல்லை இல்லை.

2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் பலாலி மறுபடி திறந்தது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் கிழமையில் மூன்று நாள் பறந்தது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. 2022 டிசம்பரில் திரும்பவும் சேவை வந்தது, 2024 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து இண்டிகோ நாளாந்தம் பறக்கத் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் ஒரு வழி திறந்தது. திருச்சி இன்னும் கிட்ட, நேர்கோட்டில் 185 கிலோமீற்றர் வரும். வேளாங்கண்ணிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் போகிறவர்கள், திருச்சியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். விசாரித்தவர்களின் முகத்தைப் பார்த்திருந்தால் அது வெறும் விமானச் சேவை இல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது யாழ்ப்பாணத்துக் கூட்டங்களில், கோயில் வீதியில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் ஒரே பேச்சு: பலாலிக்குப் பெரிய விமானம் வரவேண்டும், ஓடுபாதையை நீட்டவேண்டும், எயார்பஸ் இறங்கவேண்டும். மேடையேறுகிற அரசியல்வாதிகளும் இதையே சொல்கிறார்கள், கைதட்டலும் விழுகிறது. ரிக்கெற் விற்பவன் என்ற முறையில் நானும் கைதட்டியிருக்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெரிய விமானம் கேட்பவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பொதிப் பிரச்சினை உண்மையானது. என் மேசை விளிம்பில் ஒரு தொங்கு தராசு எப்போதும் கிடக்கும். பறப்புக்கு முதல் நாள் சனம் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடமே நிறுத்துப் பார்க்கும். அண்மையில் சுன்னாகத்து அன்ரி ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போவதற்காக வந்தார். பெட்டியைத் தராசில் மாட்டித் தூக்கினேன், அனுமதித்ததற்கு மேல் நாலு கிலோ. தரையிலேயே பெட்டியைத் திறந்தார். மேலே இரண்டு சேலை, அதற்குக் கீழே ஒடியல் மா, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் மூன்று பொதி, பனங்கட்டிக் குட்டான்கள், சரக்குத்தூள், பெருங்காயம், பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று துணியில் கட்டிய ஏதேதோ மருந்துச் சாமான்.

"பஸ்ஸில போனா ஒருத்தரும் நிறுக்கிறேல்லையே தம்பி."

"உது சின்னப் பிளேன் அன்ரி."

"சின்னப் பிளேன் எண்டா மிளகாய்த்தூள் பாரமே?"

பாரம்தான். குறுகிய ஓடுபாதையில், சித்திரை வெய்யிலில், மத்தியானத்தில் ஒரு சுழலி விமானம் மேலெழ வேண்டுமென்றால் எடையில் கைவைக்கவே வேண்டியிருக்கும். காற்று சூடேறினால் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்கும் பலமும் இயந்திரத்துக்கு இழுக்கும் பலமும் குறையும், அதே எடையைத் தூக்க இன்னும் நீளமான ஓட்டம் தேவைப்படும். ஓட இடமில்லையென்றால் எடையைத்தான் குறைக்கலாம். இதை அன்ரிக்கு விளக்க நான் முனையவில்லை. அவர் மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டு சேலையை எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் போனார், "மற்றக் கிழமை ஆரும் போனாக் குடுத்துவிடு" என்று. ஆகவே ஓடுபாதையைக் கொஞ்சம் சீர்செய்து, விமான நிலையத்துக்குள் இருக்கும் நிலத்திலேயே கொஞ்சம் நீட்டினால் நான் எதிர்க்கப்போவதில்லை. நான் எதிர்ப்பது ஜெட் வந்தால்தான் நாம் முன்னேறுவோம் என்ற நினைப்பை.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 355 கிலோமீற்றர் தூரத்தில் ஜெட் விமானத்தின் வேகத்துக்கு வேலையே இல்லை. மேலே ஏறி, சமநிலைக்கு வந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் தருமுன் இறங்கத் தொடங்கவேண்டும். எட்டுநூறு கிலோமீற்றர் வேகத்தை அது காட்டுவது நடுவில் கொஞ்ச நேரம் மட்டும். ஏ.ரி.ஆரை விடப் பத்து, பதினைந்து நிமிடம் முந்தலாம். அந்தப் பதினைந்து நிமிடத்தைச் சென்னைக் குடிவரவு வரிசை ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

அடுத்தது ஆசனக் கணக்கு. யாரும் மேடையில் பேசாதது இதுதான். இண்டிகோவின் ஏ.ரி.ஆரில் 78 ஆசனம். ஏழு நாளும் பறந்தால் கிழமைக்கு 546 ஆசனம். எயார்பஸ் ஏ320 என்றால் சுமார் 180 ஆசனம். மூன்று நாள் பறந்தாலே 540 வந்துவிடும். விமான நிறுவனம் தர்மத்துக்கு நடத்துவதில்லை. நிரப்பக்கூடிய சனம் அதே சனம் என்றால், நாளாந்தச் சேவை கிழமைக்கு மூன்றாகச் சுருங்கும். திங்கட்கிழமை விமானத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சென்னையில் வைத்தியரைப் பார்த்து முடித்தவர் ஞாயிறுவரை வடபழனியில் அறை வாடகை கட்டவேண்டும். பறப்பில் பதினைந்து நிமிடம் மிச்சம் பிடித்து, நிலத்தில் இரண்டு நாளை இழக்கும் வியாபாரம் இது. கிட்டத்து ஊருக்குப் பெரிய வண்டி எப்போதாவது வருவதை விடச் சின்ன வண்டி அடிக்கடி வருவது நல்லது என்பது மினிபஸ்ஸில் போய்வந்த எவருக்கும் தெரியும்.

மூன்றாவது, காணி. இதைச் சொல்லாமல் பலாலியைப் பற்றி எழுதக்கூடாது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து ஓடிய சனத்தின் வீடும் வளவும் கிணறும்தான் அந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். இன்னும் விடாத துண்டும் இருக்கிறது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் முதுமை அடைந்தவர்கள் தங்கள் காணி எப்போது வரும் என்று காத்திருக்கும்போது, "அபிவிருத்திக்கு இன்னும் கொஞ்ச நிலம் தேவை" என்று யாராவது சொன்னால் அந்தக் கொஞ்சம் யாருடையது என்று கேட்க வேண்டாமா? சென்னைக்குப் பறக்கும் நான் பதினைந்து நிமிடம் முந்துவதற்காக மயிலிட்டிக்காரரோ பலாலிக்காரரோ இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாடுகளிலிருந்து நேரே இறங்க ஆசைப்படும் நம் உறவுகளுக்கும் இதையே சொல்வேன். இலண்டனிலிருந்து வரும் பெரிய விமானம் பலாலிக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை, ஏ320 வந்தாலும் அவர்கள் எங்கேயோ மாறத்தான் வேண்டும்.

மாறும் இடத்தில்தான் அவர்கள் மாட்டுப்படுகிறார்கள். சென்னைவரை ஒரு ரிக்கெற், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறொரு ரிக்கெற் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, திரும்பவும் உள்ளே போகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். இது தெரியாமல் மலிவாகக் கிடைத்தது என்று இணையத்தில் தாங்களே எடுத்துவிட்டு, புறப்படும் விமான நிலையத்திலேயே மறிபட்டு, நடுச்சாமத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் உண்டு. ஒரே ரிக்கெற்றாக, பொதி நேரே பலாலிக்கு வரும்படி ஒழுங்குசெய்ய ஓடுபாதை நீளத் தேவையில்லை. விமான நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பட்டால் போதும்.

கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, ஒரு கிழமைக்குள் மாரி வந்து நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. மிளகாய்த்தூள் அன்ரிமாருக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன், பொதிக்குத் தாராளம். நாகப்பட்டினத்தில் இறங்கியபின் சென்னைக்கு இன்னும் ஆறு, ஏழு மணித்தியாலம் ஓடவேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். டெல்டாப் பக்கம் போகிறவருக்கு விமானத்தை விட அதுவே வசதி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நம்பமுடியாது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன், எத்தனை மணித்தியாலம். கொக்குவிலில் வீட்டுப் படலையைச் சாத்தி வெளிக்கிட்டு, ஓட்டோவிலோ வானிலோ பலாலிக்கு ஏறத்தாழ அரை மணித்தியாலம். சோதனை, பொதி, குடிவரவு, காத்திருப்பு என்று இரண்டரை, மூன்று. பறப்பு ஒன்றரை. சென்னையில் வெளியே வர ஒன்று. 2023இல் திறந்த புதிய முனையத்திலிருந்து மெட்ரோ பிடித்து, ஆலந்தூரில் மாறி வடபழனி போய்ச்சேர முக்கால். ஆக, காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத் தேநீருக்குப் போய்ச்சேரலாம். கட்டுநாயக்க வழியில் இதற்கு ஒரு இரவும் ஒரு பகலும் போனது. இந்தக் கணக்கில் பறப்பு நேரம் கால்வாசி கூட இல்லை. குறைக்கக்கூடியது எது என்று பார்த்தால், பலாலியில் நாம் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மணித்தியாலத்தைத்தான். எழுபது, எண்பது பேரை ஏற்றும் ஒரு விமானத்துக்கு நூற்றுக்கணக்கானோர் ஏறும் விமானத்துக்குப் போல மூன்று மணித்தியாலம் முன்னே வரச் சொல்வதற்கு என்ன காரணம்? கூடுதலாக இரண்டு குடிவரவு மேசையைத் திறந்தால் அரைவாசி நேரம் மிஞ்சும்.

விமானம் பறக்காத நாள் ஒன்றும் இருக்கிறது. மாரியில் முகில் இறங்கிவிட்டால், அல்லது இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றால், இன்றைய சேவை இல்லை என்று அறிவித்துவிடுவார்கள். அண்மையில் இருதயச் சோதனைக்கு நாள் குறித்திருந்த ஒரு பெரியவர் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுப் பலாலியிலிருந்து நேரே என் கடைக்குத் திரும்பி வந்தார். நிறுவனம் அடுத்த நாள் இடம் தருவதாகச் சொன்னது, அடுத்த நாளும் நிரம்பியிருந்தது. அன்றிரவே வானில் ஏற்றிக் கட்டுநாயக்கவுக்கு அனுப்பினேன். எழுபது வயது தாண்டியவர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் என்றால் நிலைமை இதுதான். அன்று மாலை இன்னொன்று இருந்திருந்தால் ஆறு மணித்தியாலத் தாமதத்தோடு போயிருப்பார்.

ஆகவே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சுக்கும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் மனு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சென்னைக்கு இரண்டு சின்ன விமானம் கேளுங்கள். இரண்டாவது விமானத்துக்கு வரும் தரையிறங்கு கட்டணத்தையும் பயணிகள் வரியையும் இரண்டு வருடத்துக்குக் குறைத்துக் கேளுங்கள். திருச்சிச் சேவையை நிறுத்தவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நம் அகலக்கோட்டிலேயே இருக்கும் மதுரைக்கு, கிழமையில் இரண்டு நாளாவது கேளுங்கள். மனுவில் "சர்வதேசத் தரத்தில் பெரிய விமானங்கள்" என்ற வரி இருந்தால் அதை வெட்டிவிடுங்கள்.